கன்னத்தில் புல்

பூங்காவுக்குக் காசில்லை.
பூங்காவுக்குப் போகத்தான் காசு.
மலைச்சரிவிலிருந்து இறங்க ரோப் கார்,
அடிவாரத்தில் மெட்ரோ,
ஐந்து தலை.
வாசலிலேயே இரண்டு முறை எண்ணிவிட்டேன்,
திரும்பியும் வர வேண்டுமே.
மெதெயினில்
மேலே குடியிருப்பவனுக்கு
எதுவும் இறங்கினால்தான் கிடைக்கும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் சலோமே
தகரக் கூரைகளை எண்ணிக்கொண்டு வந்தாள்.
ஒன்றின்மேல் நாய்.
ஒன்றில் காய்கிற பள்ளிச் சீருடை.
ஒன்றில் யாரோ சுண்ணாம்பால்
பெரிதாக எழுதியிருந்தார்கள்: மன்னித்துவிடு.
"யாரை?" என்றாள்.
"ரோப் காரில் போகிற எல்லோரையும்"
என்றான் மச்சான் வெய்மார்.

யூரானி பேசவில்லை.
வாரத்தில் ஆறு நாள் ஜீன்ஸ் தைக்கிறவள்,
அதிலும் பாக்கெட் மட்டும்.
இடுப்புப் பட்டி இன்னொருத்திக்கு,
ஜிப் வேறொருத்திக்கு.
ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்,
ஆர்க்கிட் பார்க்க வேண்டும்,
கிட்டப் போய், முழுசாக.

வாசல் காவலாளி பையைத் திறக்கச் சொன்னான்.
இலையில் கட்டிய சோற்றுப் பொட்டலங்களை
முகர்ந்து பார்த்து
"கோழியா?" என்றான்.
"முட்டை."
"சரி, போங்க."
கோழியென்றால் டிக்கெட் கேட்டிருப்பான் போல.

முதல் மரத்தடியிலேயே விரிப்பைப் போட்டோம்.
ஒரு செருப்பைக் கழற்றினாள் யூரானி.
"அஞ்சே நிமிஷம்" என்றாள்.
மற்றச் செருப்பு காலிலேயே கிடந்தது.

பிறகு வந்தது இகுவானா.
நம் உடும்புக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி இருந்தது,
ஆனால் பச்சை, ஆனால் திமிர்.
தூவானின் கையிலிருந்து
உப்புப் போட்ட மாங்காய்க் கீற்றை
வாங்கிக்கொண்டு போனது, கடன் வசூலித்தாற்போல.
அவன் வாயைத் திறந்தான்;
அக்காளின் உள்ளங்கை முந்திக்கொண்டது.
என் மகன் சத்தமில்லாமல் அழுததை
அன்றுதான் பார்த்தேன்.
கண்ணீர் எல்லாம் அவள் விரலிடுக்கில்.

வெயில் நகர்ந்தது. நிழலும் அதன் பின்னால்.
நானும் வெய்மாரும்
விரிப்பின் முனைகளைப் பிடித்து
அவளோடு சேர்த்து இழுத்தோம்,
புனித வாரத்தில் சொரூபம் தூக்குகிறவர்களின்
அதே முகத்தோடு.
மூன்று முறை.
மூன்றாவது இழுப்பில்
தலை மட்டும் வழுக்கிப் புல்லில் விழுந்தது.
எழவில்லை.

பதினைந்து வயது நிறைந்த பெண்ணொருத்தி
நீலக் கவுனில்
படமெடுக்க அந்த மரத்துக்குத்தான் வந்தாள்.
போட்டோக்காரன் எங்களை நகரச் சொல்லக்
கையைத் தூக்கினான்.
அவள் பார்த்தாள்.
குதிகால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
வெறுங்காலில் அடுத்த மரத்துக்குப் போனாள்,
கவுன் மட்டும் சரசரவென்று.

பட்டாம்பூச்சிக் கூடம் அந்தப் பக்கம் இருந்தது.
குளம் இருந்தது, அதில் ஆமை இருந்ததாம்.
நாங்கள் பார்த்தது
யூரானி தூங்கியதை.

விசில் சத்தத்தில் விழித்தாள்.
"ஆர்க்கிட்?"
வெய்மார் ஷூ லேசைக் கட்டத் தொடங்கினான்,
ஏற்கெனவே கட்டியிருந்ததை.
"மூடிட்டாங்க" என்றேன்.
"எழுப்ப ஒருத்தருக்கும் கை இல்லையா?
நாலு பேர்!
எட்டுக் கை!"
காலி இலைப் பொட்டலம் என் நெற்றியில் வந்து விழுந்தது.
மெட்ரோ முழுக்க ஜன்னலையே பார்த்தாள்.

ரோப் கார் மேலே ஏறும்போது
சரிவில் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன.
தூவான் அவள் மடியில் ஏறி நின்று
கன்னத்தைத் தொட்டான்.
புல் பதிந்த கோடுகள், சிவப்பாக, வரிசையாக.
"அம்மா, பாக்கெட் மாதிரி இருக்கு."

நீண்ட நேரம் கழித்து வாய் திறந்தாள்.
"ஒற்றைத் தையலா, இரட்டையா?"
அவன் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தான்.
"இரட்டை."
"அப்போ லேசில் பிரியாது" என்றாள்.

அடுத்த நிறுத்தம் வருவதற்குள்
என் தோளில் மறுபடியும் தூங்கிப்போனாள்.